சோயா சாஸிலும் கோதுமை

லிஃப்ட் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இரண்டு கையாலும் அறைகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் தன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவில் காதை ஒட்டினார்.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்! முதல்ல கதவைத் திறங்கய்யா!"

குரலைக் கேட்டதும் மெக்கானிக் ஒரு கணம் திகைத்து நின்றார். சந்தைக் கூச்சலிலும் தனியாகத் தெரியும் குரல் அது. மகளின் மாமனார், டைல்ஸ் கடை முதலாளி. மெக்கானிக்கின் மனைவி அவருக்கு வைத்திருந்த பெயர் 'மைக் செட்'. அது வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற பெயர்.

"சம்பந்தி, நான்தான்."

உள்ளே அறைவது நின்றது. "நீங்களா?" என்று கேட்ட குரல் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"நான்தான். தரையில உட்காருங்க. மேல் பட்டனைக் கழட்டி விட்டுக்கோங்க. காத்து வர வழி இருக்கு, மூச்சு முட்டாது. கயிறு அறுந்து விழுறதெல்லாம் சினிமாவுலதான். நான் மேல போய்ப் பெட்டியை மெதுவா இறக்குறேன்."

"போயிடாதீங்க சம்பந்தி! பேசிக்கிட்டே இருங்க!"

மெக்கானிக், பக்கத்தில் நின்ற காவலாளியைக் கதவருகே நிறுத்தி, "அவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. எது வேணாலும் கேளுங்க, பதில் சொல்லுவாரு" என்றார். காவலாளிக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. குளியலறைத் தரைக்கு வழுக்காத டைல்ஸ் எது நல்லது என்று கேட்டார். மெக்கானிக் படியேறும்போது உள்ளேயிருந்து அழுகையும் பதிலுமாக ஒரு குரல் வழுக்காத டைல்ஸைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது.

மேலே மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் தளர்த்தித் தளர்த்திப் பெட்டியைக் கீழ்மாடிக்கு நேராக இறக்கிவிட்டு வந்து, சாவி போட்டுக் கதவை விலக்கினார். சம்பந்தி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மெக்கானிக்கின் கையைப் பிடித்து எழுந்தவர் வெளியே வந்த பிறகும் விடவில்லை.

"வீட்டுல சொல்லிடாதீங்க சம்பந்தி."

"எதை?"

"நான் உள்ள அழுததை."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் மெக்கானிக்.

கதவின் மின் தொடர்பில் அழுக்குப் படிந்ததுதான் கோளாறு. அதைத் துடைத்துச் சரிபார்த்து, லிஃப்டைச் சிலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அவர் திரும்பியபோது சம்பந்தி அங்கேயே ஒரு பெஞ்சில் காத்திருந்தார். முகம் கழுவித் தலை சீவி, குரலும் பழையபடி திரும்பியிருந்தது.

"வாங்க, சாப்பிடப் போறோம். வயித்துவலி, பல்வலி, மாத்திரை போட்டிருக்கேன், இது ஒண்ணும் இன்னைக்குச் செல்லாது. இன்னைக்கு நீங்க என்கூட சாப்பிட்டே ஆகணும்."

மெக்கானிக்கின் காதெல்லாம் சூடானது. சொல்லியிருந்த சாக்குகளை எல்லாம் மனிதர் வரிசையாக ஞாபகம் வைத்திருந்தார்.

உண்மை வேறு. பல வருடமாக அவருக்கு வயிறு ஒரு வழிக்கு வரவில்லை. சாப்பிட்டதெல்லாம் உடம்பில் ஒட்டாமல் போனது. படியேறினால் கண் இருட்டியது. ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை விழுங்கி விழுங்கிச் சலித்த பிறகுதான் ஒரு மருத்துவர் குடலைச் சோதித்துப் பார்த்துச் சொன்னார்: இது சீலியாக் நோய், கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை உங்கள் குடல் தாங்காது, கடைசிவரை ஒரு துணுக்குக்கூட உள்ளே போகக் கூடாது. கோதுமையை நிறுத்தியதும் கன்னத்தில் சதை பிடித்தது, படியும் ஏற முடிந்தது. ஆனால் மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இது ரத்த சொந்தத்தில் வரக்கூடியது, பிள்ளைகளையும் சோதித்துவிடுங்கள் என்று. அப்போதுதான் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மெக்கானிக் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். மனைவியிடமும் மகளிடமும் சம்பந்தி வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வெளியே சாப்பிட நேர்ந்தால் பேசுவதெல்லாம் மனைவிதான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவளுக்குச் சமையல்காரர் எந்த மூலைக்கு? சமையலறை வாசல் வரை போய், இது எதில் பொரித்தது, அது எதில் கொதித்தது என்று துருவிவிட்டுத்தான் வருவாள். அவர் தலை குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். பத்து மாடி ஆழத்துக்கு மேலே ஒரு பெல்ட்டை நம்பித் தொங்கி வேலை செய்கிற மனிதர், பரிமாறுகிறவரை அழைத்து ஒரு கேள்வி கேட்க நாக்கு எழாமல் தவிப்பார். "ஊமைக்கோட்டான்" என்று அவள் திட்டுவதும் உண்டு. இன்றைக்கு அவள் பேருந்தில் இருந்தாள். இவர் சம்பந்தியின் பிடியில் இருந்தார்.

சம்பந்தி இழுத்துப் போனது, ஒரே பெயரில் ஊரெங்கும் கிளை வைத்திருக்கிற நூடுல்ஸ் கடைக்கு. கூரையிலிருந்து காகித விளக்குகள் தொங்கின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக அடுப்புகள். சமையல்காரர்கள் பெரிய வாணலிகளைத் தூக்கித் தூக்கிப் போட, தீ நாக்கு மேலே வந்துவந்து போனது. எள்ளெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. மெக்கானிக்கின் கண்ணுக்கோ ஒவ்வொரு வாணலியிலும் கோதுமை நூடுல்ஸ் புரள்வதுதான் தெரிந்தது.

உட்கார்ந்ததும் சம்பந்தி மெனுவைத் திறக்கவில்லை. கையை மேசைமேல் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. பொண்ணு கொடுத்த நாள்ல இருந்து எங்க வீட்டுல ஒரு நாள் கை நனைச்சிருக்கீங்களா நீங்க?"

மெக்கானிக் தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

"விருந்துக்கு வந்தீங்க, டீயை மட்டும் குடிச்சுட்டுக் கிளம்பிட்டீங்க. என் பிறந்த நாளுக்கு வந்தீங்க, கேக்கை நீட்டினா ரெண்டடி பின்னாடி போறீங்க. நான் பரவாயில்ல, தோல் தடிச்ச ஆளு. வீட்டுக்காரி உடைஞ்சு போயிட்டா. 'நாம அவங்களுக்கு இறங்கினவங்கன்னு நினைக்கிறார் போல'ன்னு ஒரு நாள் ராத்திரி பூரா அழுதா. நானும் அப்படித்தான் நினைச்சேன்னு வைங்களேன். ஆனா இன்னைக்கு அந்தக் கதவு வழியா நீங்க பேசுனதைக் கேட்டப்புறம் அப்படித் தோணல. அதான் நேராவே கேக்குறேன். என்ன சங்கதி?"

இதை மெக்கானிக் எதிர்பார்க்கவே இல்லை. மகளின் வாழ்க்கைக்காகத்தான் மறைக்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார். மறைத்தது மகளின் மாமியாரை அழவைத்திருக்கிறது. அந்த வீட்டில்தானே மகளும் தினம் முழிக்கிறாள்? அவளிடம் அந்தம்மா முகம் சுளித்திருப்பாரோ, அவள் வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருப்பாளோ என்று நினைத்தவர் டம்ளரைத் தேடுவதை விட்டு நிமிர்ந்தார்.

"எனக்குக் கோதுமை ஆகாது சம்பந்தி" என்றார்.

"என்னது?"

"கோதுமை. சாப்பிட்டா குடல் புண்ணாயிடும்."

"கோதுமையா? சர்க்கரைக்காரங்களுக்கே அதைத்தானேய்யா சாப்பிடச் சொல்றாங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். மாவு ஒட்டின கரண்டி பட்டாலே போதும், ஒரு வாரத்துக்குப் படுக்கைதான் என்பதையும் சொன்னார். சொல்லி முடித்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பூட்டு திறந்துவிட்டது.

"இது பிள்ளைங்களுக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு. பொண்ணை இன்னும் சோதிச்சுப் பார்க்கல. உங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பீங்களோன்னுதான் மறைச்சுட்டேன்."

சம்பந்தி மேசைமேல் இருந்த சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்து உருட்டினார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"என்னை என்னன்னு நினைச்சீங்க?" என்றார் கடைசியில். "பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவேன்னா? அவ என்ன டைலா, கீறல் விழுந்திருக்குன்னு கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். கோபம்தான் எனக்கு. இருக்கட்டும், அதை அப்புறமா படுறேன். முதல்ல சாப்பாடு." பரிமாறும் பெண்ணைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "இந்தாம்மா! இவருக்குக் கோதுமை ஆகாது! உயிருக்கே ஆபத்து!"

கடை முழுவதும் கேட்டிருக்கும். மெக்கானிக்குக்குத் தரை பிளந்தால் தேவலாம் போலிருந்தது. ஓடி வந்த பெண்ணுக்குக் கல்லூரி வயதுதான் இருக்கும்.

"அரிசி நூடுல்ஸ் இருக்கு சார். அதுல கோதுமையே கிடையாது."

"பார்த்தீங்களா, முடிஞ்சது வேலை!" என்று சம்பந்தி மேசையைத் தட்டினார்.

முடியவில்லை என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். மனைவி அடுத்து என்ன கேட்பாள் என்பதும் மனப்பாடம். சரி என்று தலையாட்டிவிட்டு, வந்ததைக் கிளறிவிட்டுப் பசியில்லை என்று சொல்லிவிடலாம், இதுவரை அப்படித்தான் செய்திருக்கிறார். ஆனால் இப்போது எதிரே இருப்பவரிடம் அந்தச் சாக்கு எடுபடாது.

"அதுல என்ன சாஸ் ஊத்துவீங்கம்மா?"

"சோயா சாஸ் சார். அது சோயாபீன்ஸ்தான்."

"சோயா சாஸ்லயும் கோதுமை சேர்ப்பாங்கம்மா. பெரும்பாலும் எல்லாத்துலயும். அப்புறம், அரிசி நூடுல்ஸை வேகவைக்கிற தண்ணி தனியா, இல்ல கோதுமை நூடுல்ஸ் வேகுற அதே தண்ணியா? கொஞ்சம் உள்ள கேட்டுச் சொல்றீங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியல சார். சும்மா தெரிஞ்ச மாதிரி சொல்லிடக் கூடாது. இருங்க, அக்காவையே கூட்டிட்டு வரேன்."

சம்பந்தி வாயைப் பிளந்துகொண்டிருந்தார். "சோயா சாஸ்ல கோதுமையா? கருப்பா தண்ணி மாதிரி இருக்கும், அதுலயா?"

"அதுலதான். முதல் தடவை அதுலதான் நானும் மாட்டினேன்."

சமையலறைப் பொறுப்பில் இருந்தவர் தலையில் வலைத்தொப்பியோடு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நடுத்தர வயதுக்காரர். வந்தவர் நின்றபடியே கேட்டார். "நீங்களே வேண்டாம்னு விட்டிருக்கீங்களா, இல்ல டாக்டர் சொல்லியிருக்காரா? டாக்டர் சொன்னதுன்னா நான் வேற மாதிரி செய்யணும்."

"டாக்டர் சொன்னது. சீலியாக்."

"அப்ப அரிசி நூடுல்ஸ் வேண்டாம் சார். தண்ணி ஒண்ணுதான். பொரிச்சது எதுவும் வேண்டாம், எண்ணெய் ஒண்ணுதான். கோழியை முன்னாடியே சோயா சாஸ்ல ஊறப் போட்டிருக்கோம், சூப்லயும் அது கலந்திருக்கு. வேகவைச்ச சாதம் தனிப் பாத்திரத்துல இருக்கு. முட்டையும் காய்கறியும் புதுசா வெட்டி, கழுவின வாணலியில நானே வதக்கித் தரேன். கோதுமை சேராத சாஸ் பாட்டில் ஒண்ணு தனியா வச்சிருக்கோம். ஆனா இந்தக் கூட்டத்துல கொஞ்சம் நேரமாகும். அதோட, இங்க மாவு பறக்குற சமையலறை. என்னால முடிஞ்ச ஜாக்கிரதை எடுப்பேன், துளிகூட இருக்காதுன்னு எழுதிக் கொடுக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

மெக்கானிக் யோசித்தார். முடியாததை முடியாது என்று சொல்கிறவரை நம்பலாம் என்று அவருக்குப் பட்டது.

"சரிம்மா. மெதுவாவே செய்ங்க."

சம்பந்தி தனக்கு மட்டும் பொரித்த கோழியும் நூடுல்ஸும் சொல்லிவிட்டு, அவை வந்த பிறகும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஆறிவிடும், சாப்பிடுங்கள் என்று மெக்கானிக் சொல்லச் சொல்ல, "நீங்க ஒரு வருஷமா எங்க வீட்டுல பசியோட உட்கார்ந்திருக்கீங்க. நான் கொஞ்ச நேரம் இருந்தா செத்தா போயிடுவேன்?" என்றார்.

தட்டு வந்தது. ஆவி பறக்கும் சாதம், மஞ்சளாக முட்டை, பச்சையும் சிவப்புமாகக் காய்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பொரித்த மாவுத் துண்டுகள் மொறுமொறுவென்று ஒரு பிடி தூவப்பட்டிருந்தன.

உள்ளே அந்த அம்மா எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறார். கொண்டுவருகிற வழியில், எல்லாத் தட்டுக்கும் தூவுகிற கை இதற்கும் தூவிவிட்டது. பரிமாறும் பெண் இன்னும் சிரித்துக்கொண்டே நின்றாள்.

"அட, மேலதானே கிடக்கு" என்றார் சம்பந்தி. "இருங்க, பொறுக்கிப் போட்டுடலாம்." குச்சியை நீட்டினார்.

மெக்கானிக் சாதத்தைப் பார்த்தார். நல்ல பசி. பொறுக்கிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அந்தப் பெண்ணுக்குத் திட்டு விழாது, சம்பந்தியும் சாப்பிடுவார். பிறகு இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்வது அவர் ஒருவர் மட்டும்தான், இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. எத்தனையோ தடவை அப்படி நடந்திருக்கிறது.

அவர் சம்பந்தியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம் சம்பந்தி. பொறுக்கினாலும் தூள் உள்ள இறங்கியிருக்கும்." பிறகு அந்தப் பெண்ணிடம், "இது கோதுமை மாவும்மா. எனக்கு முழுசாப் புதுசா செஞ்சு தரணும். உங்களைக் குத்தம் சொல்லல, பழக்க தோஷம், யாருக்கும் வரும். ஆனா இதை நான் சாப்பிட முடியாது."

அவள் முகம் வெளிறி, "ஐயோ, சாரி சார்" என்று தட்டைத் தூக்கப்போனாள்.

"இது இங்கயே இருக்கட்டும். புதுசு வந்தப்புறம் எடுத்துக்கோங்க."

இது மனைவியின் உபாயம். உள்ளே போன தட்டிலிருந்து மேலே கிடப்பதை மட்டும் வழித்துவிட்டு, அதையே திருப்பிக் கொண்டுவந்த கடையும் உண்டு. அவள் சொல்லும்போதெல்லாம், இவ்வளவு சந்தேகம் ஆகாது என்று அவரே கடிந்துகொண்டிருக்கிறார். இப்போது அவர் வாயிலிருந்தே அது வந்தது. குரல் நடுங்கவில்லை என்பதைச் சொன்ன பிறகுதான் கவனித்தார்.

பொறுப்பாளர் அம்மா வாசலில் இருந்தே இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பினார். கண்ணாடி வழியாக அவர் வாணலியைத் தொட்டியில் போட்டுத் தேய்ப்பது தெரிந்தது. இந்த முறை தட்டை அவரே கொண்டுவந்து வைத்தார். மேலே ஒன்றும் இல்லை.

"இந்தத் தட்டை எடுத்துடுறேன்" என்று பழையதை நோக்கிக் கை நீட்டினார்.

"எதுக்கு?" என்றார் சம்பந்தி. "எனக்கு என்ன கோதுமையோட பகையா? சாப்பாட்டை வீணாக்கலாமா?" தன்னுடைய நூடுல்ஸ், கோழி, அதோடு அந்தச் சாதம் என்று மூன்றையும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாப்பாடு சுமார்தான், உப்பு ஒரு கல் குறைவு. ஆனால் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, அவரிடம் எதையும் மறைக்காமல், சூடாகச் சாப்பிட்டு மெக்கானிக்குக்குக் காலம் ஆகியிருந்தது. தட்டை வழித்துவிட்டார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"நீங்களா கேட்டீங்க? தண்ணி தனியான்னு?"

"நான்தான்."

"தட்டை வச்சுக்கிட்டீங்களா?"

"வச்சுக்கிட்டேன்."

"இத்தனை நாளா என்னைச் சண்டைக்காரியாக்கிட்டு, வாய் இருந்திருக்கு பாருங்களேன்" என்றாள். கோபம் போலத்தான் சொன்னாள். ஆனால் வயிறு எப்படி இருக்கிறது என்று படுக்கப் போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். வயிறு அமைதியாக இருந்தது. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை.

லிஃப்டில் அழுததைப் பற்றி மெக்கானிக் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. சம்பந்தியோ கோதுமைச் சங்கதியை அன்றைக்கே வீட்டில் கொட்டிவிட்டார். மறுநாள் காலை மகளின் மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது. முதலில் அழுதார், பிறகு திட்டினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தனிச் சட்டியே வாங்கி வச்சிருப்பேனே அண்ணா! என்னைப் பாவியாக்கிட்டீங்களே!" என்றார். அதற்குப் பிறகு பெருங்காயத்தில் மாவு கலப்பார்களாமே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றதும், "அப்ப உங்க ஓட்டலைவிட என் அடுப்படிதான் மோசம்" என்று சிரித்துவிட்டார். அவரே மருமகளைச் சோதனைக்குக் கூட்டிப்போனார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, சில வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து இரண்டு குடும்பமும் சேர்ந்து வெளியே போனார்கள். சம்பந்திக்கு அந்த நூடுல்ஸ் கடை பிடித்துப்போயிருந்தது. ஆனால் அன்று இடம் கிடைத்தது ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு கிளையில்தான். அதே பெயர், அதே காகித விளக்கு. மெக்கானிக் தானாகவே எழுந்து போய், சமையலறை வாசலில் நின்று விசாரித்தார். மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"இங்க ஒரே ஒரு சாஸ்தான் சார் வாங்குறோம்" என்றார் அங்கிருந்த சமையல்காரர். "வாணலியும் நிறுத்தாம ஓடிக்கிட்டே இருக்கு. உங்களுக்குச் சமைக்க எனக்குத் தைரியம் இல்ல. மன்னிச்சுக்கோங்க."

"நல்லதாப் போச்சு, சொன்னீங்களே" என்று மெக்கானிக் திரும்பி வந்தார்.

சேதி கேட்டதும் சம்பந்தி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எல்லாரும் எழுந்திரிங்க! வேற கடைக்குப் போலாம்!"

"உட்காருங்க சம்பந்தி. இந்நேரத்துக்கு இன்னொரு கடை தேடினா எல்லாருக்கும் பசியில கண்ணு இருட்டிடும். நான் கொண்டுவந்திருக்கேன்."

தோள்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். எலுமிச்சை பிழிந்த சாதம், காலையில் அவரே கட்டியது. பரிமாறுகிறவரிடம் ஒரு காலித் தட்டு கேட்கப் போனவர், அந்தத் தட்டும் எதற்கு என்று டப்பாவையே திறந்து வைத்துக்கொண்டார்.

மற்றவர்களுக்கு நூடுல்ஸ் வந்தது. மருமகன் ஏதோ வேடிக்கை சொல்ல, மகள் புரையேறச் சிரித்தாள். சம்பந்தி கோழிக்கால் ஒன்றைக் கையில் பிடித்தபடியே எட்டி டப்பாவைப் பார்த்தார்.

"அதுல எனக்கு ஒரு வாய் கிடைக்குமா?"

"கையைக் கழுவிட்டு வாங்க முதல்ல" என்றார் மெக்கானிக்.